பூசணிக்காய் இட்ட கட்டளை

பூங்கோதையின் கார் ஞானப்பிரகாசத்தின் வலது காலை முறித்த அந்த நொடியில், பூங்கோதையின் இரண்டு கைகளும் கற்பூரத் தட்டைப் பிடித்திருந்தன. பூஜைக்கு வந்திருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். பார்த்து என்ன பயன்? கண்ணால் பார்த்ததற்கு மதிப்புப் போய் வெகுகாலமாகிவிட்டது. இப்போதெல்லாம் சாவி சொல்வதுதான் சாட்சி.

சாவி என்றதும் துவாரத்தில் விட்டுத் திருகுகிற பழைய இரும்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கறுப்பு வில்லை, அதில் நான்கு பொத்தான்கள். ஒன்று பூட்டும், ஒன்று திறக்கும், ஒன்று டிக்கியைத் தூக்கும். நான்காவது கூப்பிடும். அதை அழுத்தினால் போதும், நிறுத்திய இடத்திலிருந்து வண்டி தானே கிளம்பி, சாவி இருக்கும் இடம் தேடி வந்து நிற்கும். ஆரம்பத்தில் இந்த வண்டிகள் ரொம்பவும் மரியாதையானவை. தெருநாய் குறுக்கே வந்தால் நின்றன, கீரைக்காரியின் கூடையைக் கண்டால் நின்றன. வெயிலில் காத்து நின்ற ஜனங்கள் சும்மா இருப்பார்களா? புகார்மேல் புகார் போனது. கம்பெனியும் மனமிரங்கி ஒரு வசதி செய்து கொடுத்தது. பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால், 'எது குறுக்கே நின்றாலும் பரவாயில்லை, வா' என்று அர்த்தம். நாமே கேட்டு வாங்கிய வினை இது.

பிறகு நடக்க வேண்டியது நடந்தது. கண்ட இடத்தில் வண்டிகள் கிளம்பின, கண்டவர்மேல் மோதின. 'நான் அழுத்தவில்லை, பாக்கெட்டில் தானாக அழுந்திவிட்டது' என்று உரிமையாளர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். வழக்குகள் குவிந்தன. அரசாங்கம் அலுத்துப்போய் ஒரு சட்டம் போட்டது. சாவியில் பதிவானது எதுவோ அதுவே உரிமையாளரின் விருப்பம். கவனக்குறைவு என்று ஒப்புக்கொண்டால் சின்னத் தண்டனை. இல்லை என்று மறுத்தால், சாவி பொய் சொல்லாது, ஆகவே நீங்கள்தான் பொய் சொல்கிறீர்கள், பொய் சொல்கிறவர் வேண்டுமென்றேதான் செய்திருப்பார். பெரிய தண்டனை. கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள்.

கோபிசெட்டிபாளையத்தில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள் பூங்கோதை. வண்டிகள் தாமே ஓடும் காலத்தில் டிரைவிங் ஸ்கூல் எதற்கு என்று கேட்கலாம். லைசென்ஸ் வேண்டுமானால் ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற பழைய விதியை எடுக்க யாருக்கோ மறந்துவிட்டது. அந்த மறதியில்தான் அவள் குடும்பம் சோறு தின்றது.

அந்த ஸ்கூலில் ஆயுத பூஜைக்கென்று மாமனார் காலத்திலிருந்தே ஒரு வழக்கம். எல்லா வண்டிச் சாவிகளையும் ஒரே பித்தளைத் தாம்பாளத்தில் குவித்து, சந்தனம் குங்குமம் வைத்து, குவியலின் தலையில் திருஷ்டிப் பூசணிக்காயை உட்கார வைப்பார்கள். எல்லா வண்டிகளின் திருஷ்டியையும் காய் முதலில் உறிஞ்சிக்கொள்ள வேண்டுமாம். அதற்குப் பிறகுதான் சுற்றி உடைப்பது. பக்கத்துக் கடைக்காரர்கள், அங்கே கற்றுக்கொண்டு போனவர்கள் என்று ஆளாளுக்குத் தங்கள் சாவியையும் கொண்டுவந்து அதே தட்டில் போடுவார்கள். அந்த வருஷம் கிடைத்த காய் வேறு நல்ல பருமன்.

ஞானப்பிரகாசம் அங்கே பழைய இன்ஸ்ட்ரக்டர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். பூஜையன்று எல்லாருக்கும் பின்னால், வாசற்படியோரம் நிற்பார். கும்பிடவும் மாட்டார், போகவும் மாட்டார். பொரிகடலை வாங்காமல் மனிதர் நகரமாட்டார் என்று எல்லாரும் கேலி செய்வார்கள். அன்றும் அதே இடத்தில்தான் நின்றார். மணிச் சத்தத்தில், வெளியே கார் நகர்ந்தது யார் காதிலும் விழவில்லை. சாவியைத் தேடி வந்த வண்டிக்கும் சாவிக்கும் நடுவில் நின்ற ஒரே ஆள் அவர். அலறல் கேட்டு யாரோ ஓடியதில் தாம்பாளம் சாய்ந்தது. பூசணிக்காய் உருண்டு கீழே விழுந்த பிறகுதான் வண்டி நின்றது. அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

கம்பெனியிலிருந்து இளம்பரிதி வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு. காபி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குடித்தான்.

"மேடம், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். கம்பெனி உங்க பக்கம்தான்" என்று ஆரம்பித்தான். இப்படி ஆரம்பிக்கிறவர்களிடம் கொஞ்சம் தள்ளியே உட்கார வேண்டும்.

"அது எந்தப் பக்கமுங்க?" என்றாள் பூங்கோதை.

"கூப்பிடற பொத்தானை விடாம அழுத்திப் பிடிச்சதா பதிவு இருக்கு. தெரியாம கைபட்டா அப்படி விழாது. நாங்க எல்லாத்தையும் சோதிச்சுப் பார்த்திருக்கோம். பேண்ட் பாக்கெட், கைப்பை, இடுப்புல செருகறது, குழந்தை வாயில வச்சுக் கடிக்கறது வரைக்கும். ஏன், பூஜைகூடப் பண்ணிப் பார்த்தாச்சு. சாவி மேல எலுமிச்சம்பழம், தேங்காய், எல்லாம் வச்சோம். பொத்தான் கொஞ்சம் பள்ளத்துலதான் இருக்கும் மேடம். மேலே எது உட்கார்ந்தாலும் அழுந்தாது."

"எத்தனை சாவிக்கு மேல வச்சீங்க?"

"எத்தனைன்னா? ஒரு சாவிதான். ஒரு ஆளுக்கு ஒரு சாவிதானே?"

"நாங்க குவிச்சு வப்போமுங்க தம்பி. ஒண்ணோட ஓரம் இன்னொண்ணோட பொத்தான் பள்ளத்துல போய்ச் செருகிக்கும். அதுக்கு மேல அத்தாப் பெரிய பூசணிக்காய்."

இளம்பரிதி காபி டம்ளரைக் கீழே வைத்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது அவளுக்கும் புரிந்தது.

"அது எங்க சோதனையில இல்ல மேடம்" என்றான். "சோதனையில இல்லாதது நடக்கலேன்னுதான் சட்டம் எடுத்துக்கும். அதோட இன்னொண்ணும் இருக்கு. முந்தின நாள் வண்டிக்குள்ள நீங்க பேசினதும் பதிவாயிருக்கு. 'இந்நேரத்துல லீவு கீவுன்னு கேட்டீங்கன்னா காலை ஒடிச்சுப்போடுவேன்'னு ஞானப்பிரகாசத்துகிட்ட சொல்லியிருக்கீங்க."

பூங்கோதைக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு ஞானப்பிரகாசம் லீவு கேட்டிருந்தார். கத்திவிட்டு, உடனே லீவும் கொடுத்திருந்தாள். கொடுத்தது வண்டிக்கு வெளியே, பேக்கரி வாசலில். அது எதிலும் பதிவாகவில்லை.

"ஏனுங்க தம்பி, உங்கம்மா உங்களை ஒருநாளும் காலை ஒடிப்பேன்னு சொன்னதில்லையா?"

"சொல்லியிருக்காங்க."

"ஒடிச்சாங்களா?"

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஒரே ஒரு வரிதான் மேடம்" என்றான். "விசாரணையில கேமராவைப் பார்த்து, 'நான்தான் அழுத்தினேன், கவனக்குறைவு'ன்னு சொல்லிடுங்க. ஸ்கூல் ரெண்டு வருஷம் மூடியிருக்கும், அதோட போச்சு. இல்லேன்னு சொன்னா ஆயுசுக்கும் நீங்க ஸ்டியரிங் தொட முடியாது. ஜெயிலுக்கும் போக வேண்டி வரும். எதுக்கு மேடம் வீம்பு? உங்க சுவத்துலயே எழுதி வச்சிருக்கீங்களே."

சுவரில் நீலப் பெயின்ட்டில் பெரிதாக எழுதியிருந்தது: வண்டி தப்பு செய்யாது, ஓட்டுகிறவர்தான் தப்பு செய்வார். அவளே சொல்லி எழுதவைத்த வாசகம். புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் அதற்கு முன்னால் நிறுத்திப் படிக்கச் சொன்னவள் அவள். சுருக்கென்று தைத்தது.

அவன் போனதும் முதல் வேலையாக, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுண்ணாம்பைக் கரைத்து அந்தச் சுவரில் அவளே அடித்தாள். நீல எழுத்து லேசில் மறையவில்லை. மறுபடி அடித்தாள்.

"ஒரு வார்த்தைதானே, சொல்லிப்போட்டு வந்துரு. வாய் தேஞ்சா போயிரும்?" என்றார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவர் தங்கமுத்து. நல்ல மனிதர்தான். வம்பு என்றால் அடுத்த தெரு வழியாகப் போகிற ரகம்.

"தேயாதுங்க. ஆனா அதுக்கப்புறம் அது என்ற வாயா இருக்காது" என்றாள், பிரஷ்ஷை வாளியில் முக்கியபடி.

சாயங்காலம் ஞானப்பிரகாசத்தைப் பார்க்கப் போனாள். காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. ஞானஸ்நானம் தள்ளிப்போயிருந்தது.

"அண்ணா, என்ற மேல வருத்தம் இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க."

"இருக்குது அம்மிணி. அன்னைக்குப் பொரிகடலை ஒரு பிடிகூடக் கைக்கு வரலை."

அவள் சிரித்தாள். சிரிப்பு முடிவதற்குள் அழுகை வந்துவிட்டது. கார் மோதிய நாளிலிருந்து அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தக் கட்டிலின் கால்மாட்டில் கொட்டிவிட்டது. அழட்டும் என்று அவர் விட்டுவிட்டார்.

"நீங்க ஆமான்னு சொல்லிட்டா என்ன ஆகும் தெரியுமா?" என்றார் பிறகு. "இந்தக் குட்டி பெருசாகி, அப்புச்சி காலை ஒடிச்சது இந்தம்மாதான்னு எங்கியாச்சும் படிக்கும். நான் பார்த்தது உங்க கையில இருந்த கற்பூரத் தட்டை. என்ற கண்ணு பார்த்ததை அந்தக் கறுப்பு வில்லை வந்து அழிக்குமா? சொல்லாதீங்க அம்மிணி. நானும் கூட வர்றேன்."

"உங்களை உள்ளயே விடமாட்டாங்கண்ணா. கண்ணால பார்த்தவங்களுக்கு அங்க நாற்காலி கிடையாது."

"வெளியே பெஞ்சு கிடக்குமில்ல? அது போதும்."

விசாரணை ஈரோட்டில், ஒரு பழைய ஓட்டுக்கட்டடத்தில். அங்கே விசாரணை அறைக்குள் யாரும் சாவியைக் கொண்டுபோகக் கூடாது. சாவி சட்டப்படி சாட்சி, ஒரு சாட்சி இருக்கும்போது இன்னொரு சாட்சி உள்ளே உட்காரலாமா? ஆகவே வராண்டாவில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் எவர்சில்வர் தட்டு ஒன்றை வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாரும் சாவியை அதில் போட்டுவிட்டுப் போக வேண்டும். அன்று வழக்குகள் அதிகம். தட்டு நிரம்பிக் குவிந்து கிடந்தது. இளம்பரிதியும் தன் சாவியைப் போட்டுவிட்டு உள்ளே போனான்.

பூங்கோதை ஒரு பெரிய துணிப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே பித்தளைத் தாம்பாளம், தேங்காய், அன்றைக்கு இருந்த அதே பருமனில் ஒரு பூசணிக்காய். அதிகாரியின் முன்னால் குவித்து வைத்துக் காட்டிவிட வேண்டும் என்பது அவள் கணக்கு. வாட்ச்மேன் மாரப்பன் விடவில்லை.

"அனுமதி இல்லாம எந்தப் பொருளும் உள்ளே போகக் கூடாதுங்க."

"பூசணிக்காய்க்குமா அனுமதி?"

"பூசணிக்காய்க்குத்தானுங்க முக்கியமா. உள்ளே கொண்டுபோய் உடைச்சுப்போட்டீங்கன்னா யாரு கூட்டறது?"

எவ்வளவோ சத்தம் போட்டுப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பையை அவர் கையிலேயே திணித்துவிட்டுப் போனாள். மாரப்பன் சுற்றும்முற்றும் பார்த்தார். தரை அப்போதுதான் துடைத்த ஈரம். அதோடு பூஜைச் சாமானைக் காலடியில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை. பெஞ்சு முழுக்க ஆள், ஸ்டூலைத் தவிர அங்கே வேறு இடம் கிடையாது. பெஞ்சில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்த ஞானப்பிரகாசம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விசாரணை அதிகாரி மெஹருன்னிசா நாற்பதைத் தாண்டியவர். இந்த நாற்காலியில் உட்கார்ந்து, 'நான்தான் அழுத்தினேன்' என்ற வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டது. கேமராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது. டைப்பிஸ்ட் பெண் விரல்களைத் தயாராக வைத்திருந்தாள். இளம்பரிதி ஜன்னலோரம் நின்றான். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் பூங்கோதையின் வழக்குக் கட்டு.

"சொல்லுங்கம்மா" என்றார் மெஹருன்னிசா.

"நான் அழுத்தலைங்க."

டைப்பிஸ்ட்டின் விரல்கள் நின்றன. அவளுக்கு அந்த வார்த்தை பழக்கமில்லை.

"இப்படிச் சொன்னா என்ன ஆகும்னு யாரும் உங்களுக்குச் சொல்லலையா? பதிவை நிறுத்தறேன். கொஞ்சம் யோசிங்க."

"நிறுத்தாதீங்க, ஓடட்டும். யோசிச்சுட்டுத்தான் வந்திருக்கறேன். பூஜையில இருந்த ஒருத்தரைக்கூட நீங்க கூப்பிட்டுக் கேட்கலை. காலு ஒடிஞ்ச மனுஷன் வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்கறாரு, அவரையும் கேட்கலை. இந்த அறைக்கு வந்தவங்கள்ல எத்தனை பேரு பயந்துட்டு ஆமான்னு சொல்லிட்டுப் போனாங்களோ! அவங்க பொய் சொன்னாங்க, நீங்க எழுதிக்கிட்டீங்க. எனக்குப் பயமில்லாம இல்லைங்க. ஆனா செய்யாததைச் செஞ்சேன்னு சொல்லமாட்டேன். ஸ்கூலை மூடணும்னா மூடிக்கோங்க."

மெஹருன்னிசா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் வெளியே அந்தச் சத்தம்.

ஜன்னல் வழியாக எல்லாருக்கும் தெரிந்தது. புங்கமரத்தடியில் நின்ற வெள்ளைக் கார் ஆளில்லாமல் வந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லை. பூந்தொட்டிகளை நசுக்கியது, படியில் ஏறியது, வராண்டாத் தூணில் மோதியது. மோதியும் நிற்காமல் தூணை முட்டித் தள்ளிக்கொண்டே இருந்தது. மேலிருந்து ஓடுகள் சரிந்தன.

"பையை எடுங்க மாரப்பா! அந்தத் தட்டு மேல இருக்கற பையை எடுங்க!" என்று ஞானப்பிரகாசத்தின் குரல் கேட்டது. மாரப்பன் பையைத் தூக்கியதும் வண்டி அடங்கி நின்றது.

மெஹருன்னிசாவின் மேஜைத் திரையில் பதிவு வந்து விழுந்தது. அவர் சத்தமாகப் படித்தார். "உரிமையாளர் இளம்பரிதி. அழைப்புப் பொத்தான். விடாத அழுத்தம். அரசுக் கட்டடத்துக்குச் சேதம்." கண்ணாடியைக் கழற்றினார். "இளம்பரிதி, நீங்க அழுத்தினீங்களா?"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. இல்லை என்றால் கம்பெனியின் சாவி தப்பு செய்தது என்று கம்பெனிக்காரனே சொன்னதாகிவிடும். வேலை போகும், அதற்குப் பின்னால் ஜெயில். சிவப்புப் புள்ளி அவன் பக்கம் திரும்பியிருந்தது.

"நான்தான் அழுத்தினேன். கவனக்குறைவு" என்றான். ஒரு தடங்கல் இல்லை. எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்த வரி, நாக்கில் தானாக வந்தது.

பூங்கோதை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவன் வெட்டிய குழியில் அவனே விழுந்ததைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்திருக்கலாம். கொஞ்சம் சிரிக்கவும் செய்தாள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு ஓடிவிட்டது.

"பொய்யிங்க!" என்று எழுந்து நின்றாள். "அவரு அழுத்தலை. நான் பார்த்தேன். ஒரு கையில டீ, ஒரு கையில என்ற கேஸ் கட்டு. சாவி வெளியே தட்டுல கிடக்குது, அதை அழுத்த மூணாவது கை எங்கிருந்து நீண்டு வந்துச்சாமா?"

"மேடம், விட்டுடுங்க. ப்ளீஸ்" என்றான் இளம்பரிதி, உதடு அசையாமல்.

"எப்படித் தம்பி விடறது? நீங்க செய்யாததை நீங்க ஒத்துக்கிட்டா, நான் செய்யாததை நானும் ஒத்துக்கணும். அப்புறம் வெளியே காத்திருக்கறவங்க எல்லாம் ஒத்துக்கணும்."

"கண்ணால பார்த்தது இங்க செல்லாதும்மா" என்றார் மெஹருன்னிசா. குரலில் முன்பிருந்த உறுதி இல்லை.

"சரிங்க, செல்லாது. நீங்களும்தான் இந்த அறையில இருந்தீங்க. நீங்க என்ன பார்த்தீங்க?"

மெஹருன்னிசா பார்த்திருந்தார். காலையிலிருந்து தனக்கு யாரும் ஒரு டீ கொண்டுவரவில்லையே என்று அந்தக் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். கழற்றிய கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கை நீட்டி, கேமராவை யார் முகத்துக்கும் நேராக இல்லாமல், அறை முழுதும் தெரியும்படி திருப்பி வைத்தார்.

"இவர் அழுத்தலைங்கறதைப் பார்த்தவங்க கையைத் தூக்குங்க."

பூங்கோதை தூக்கினாள். டைப்பிஸ்ட் பெண் அதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காமலே இருந்திருக்கலாம் என்பதுபோலத் தயங்கி, பிறகு தூக்கினாள். மெஹருன்னிசாவும் தூக்கினார். கடைசியில் இளம்பரிதி டீ கிளாஸை ஜன்னல் விளிம்பில் வைத்தான். வழக்குக் கட்டைக் கீழே வைத்தான். காலியான தன் கைகளைப் பார்த்தான். பிறகு அவனும் வலது கையைத் தூக்கினான்.

"உங்க வரியைத் திரும்பச் சொல்லுங்க பூங்கோதை. பதிவு ஓடிட்டுத்தான் இருக்கு" என்றார் மெஹருன்னிசா.

"நான் அழுத்தலைங்க" என்றாள் அவள், தூக்கிய கையை இறக்காமல்.

அன்றைக்கே சட்டம் மாறிவிடவில்லை. அப்படியெல்லாம் மாறினால் அது சட்டமா? விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. ஸ்கூலைத் திறந்து வைத்துக்கொள்ளலாம் என்று மட்டும் உத்தரவு வந்தது. ஆனால் நான்கு தூக்கிய கைகள் பதிவில் ஏறிவிட்டன. அதை அழிக்கும் பொத்தான் யார் சாவியிலும் இல்லை.

வெளியே வந்து, உடைந்த ஓடுகளைத் தாண்டி, ஞானப்பிரகாசத்தின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள். வராண்டாவின் அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. அவ்வளவு கூட்டமும் இந்தப் பக்கமே நெருக்கியடித்துக்கொண்டு நின்றதை அவள் அப்போதுதான் கவனித்தாள்.

"அண்ணா, ஒண்ணு கேட்கறேன். மாரப்பன் பையைக் கொண்டுபோய்ச் சாவித் தட்டு மேல வச்சதை நீங்க பார்த்தீங்களா?"

"பார்த்தேன் அம்மிணி. பார்த்ததும் அந்தப் பக்கம் நின்னவங்களை எல்லாம் இந்தப் பக்கம் வரச்சொல்லிட்டேன்."

"அவர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

ஞானப்பிரகாசம் ஊன்றுகோலை எடுத்து மெதுவாக எழுந்தார்.

"கண்ணால பார்த்தவன் பேச்சு இங்க செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் பேசாம உட்கார்ந்திருந்தேன்."